ஊரிலிருந்து வந்த அண்ணன்

'தி பிக் பாஸ்' என்று சொன்னால் இன்று வீட்டுக் குழந்தைகள் தொலைக்காட்சிப் பெட்டியைத்தான் கை காட்டுவார்கள். நான் எழுத வந்தது 2017இல் தமிழில் தொடங்கிய அந்த நிகழ்ச்சியைப் பற்றி அல்ல. 1971 அக்டோபரில் ஹாங்காங்கில் வெளியாகி, புரூஸ் லீ என்ற பெயரை உலகத்தின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோன குங்ஃபூ படத்தைப் பற்றி.

சிலம்பும் குறளும் திருவாசகமும் இடம்பெறுகிற மலரில் ஓர் அடிதடிப் படத்துக்கு என்ன வேலை என்று சில பெரியவர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். பிழைப்பைத் தேடி ஊரைவிட்டு வந்தவர்களின் கதை இது என்பது என் பதில். அந்த விஷயம் பார்த்தவர்களில் பெரும்பாலோர் கண்ணில் படவே இல்லை என்பதுதான் என்னை எழுத வைத்தது.

பார்த்தவர்கள் சொல்வது

இந்தக் கட்டுரைக்காகப் படத்தை மறுபடியும் இரண்டு முறை பார்த்தேன். முன்பே பார்த்த பலரிடம் பேச்சுக் கொடுத்தேன். தியேட்டரில் பெஞ்சு டிக்கெட்டில் பார்த்தவர்கள், வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டில் பார்த்தவர்கள், செல்போனில் பார்த்த கல்லூரிப் பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையும் இதில் உண்டு. அவர்கள் சொன்னவற்றை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

ஒன்று: "கதைன்னு ஒண்ணுமே இல்லை. சொந்தக்காரங்களைக் கொன்னுட்டாங்க, பழி வாங்குறான். அவ்வளவுதான்." இரண்டு: "முக்கால் மணி நேரம் சண்டையே வரமாட்டேங்குது. சும்மா நின்னு பார்த்துக்கிட்டே இருக்கான்." மூன்று: "காசில்லாம எடுத்த படம்னு பார்த்தாலே தெரியுது. வாயசைப்பு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்." நான்கு: "நடுவுல அவனைக் குடிக்க வச்சு ஏமாத்துறாங்க. ஹீரோ இப்படியா ஏமாறுவான்?" ஐந்து, பெரும்பாலும் தாய்மார்கள் சொன்னது: "ரத்தம், கத்தி, வெட்டு. இதையெல்லாம் பிள்ளைங்க பார்த்தா என்ன ஆகும்?"

இந்த ஐந்துக்கும் முடிவுரை ஒன்றுதான்: "படம் சுமார். புரூஸ் லீக்காகப் பார்க்கலாம்." பார்வையாளர் கருத்தை அலட்சியமாகத் தள்ளும் விமர்சகன் நான் அல்ல. காசு கொடுத்து உட்கார்ந்தவனுக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை உண்டு. அதிலும் ஹாங்காங்கின் நள்ளிரவுக் காட்சிக்கு வருபவர்கள் படம் பிடிக்கவில்லை என்றால் வெளிப்படையாகவே காட்டிவிடும் கண்டிப்புக்காரர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். அவர்கள் இந்தப் படத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அதற்குமுன் அங்கே வசூலில் முதலிடத்தில் இருந்த 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' பின்னுக்குப் போனது. அவர்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று நமக்குத் தெரியாமல் போயிருக்கிறது. அது என்ன?

தலைப்பிலேயே தொலைந்துபோனது

முதலில் தலைப்பைப் பார்ப்போம். ஆங்கிலத் தலைப்பு வில்லனைக் குறிக்கிறது. பெரிய முதலாளி என்று பொருள். 1973இல் அமெரிக்காவுக்குப் போனபோது அதுவும் மாறி, 'ஃபிஸ்ட்ஸ் ஆஃப் ஃபியூரி' என்று ஆயிற்று. வெறும் முஷ்டி மட்டும் மிஞ்சியது. ஆனால் சீன மொழித் தலைப்பு 'தாங்ஷான் தா ஷியுங்'. 'தாங்ஷான்' என்பது கடல் கடந்து போன சீனர்கள் தாயகத்தைக் குறிக்கச் சொல்லும் சொல். 'தா ஷியுங்' என்றால் பெரியண்ணன். நம் பேச்சில் சொன்னால், 'ஊர்லேருந்து வந்த அண்ணன்'.

ஒரே படம்தான். ஒரு தலைப்பு முதலாளியைப் பார்க்கச் சொல்கிறது. ஒரு தலைப்பு முஷ்டியைப் பார்க்கச் சொல்கிறது. மூலத் தலைப்போ ஊரைவிட்டு வந்த ஒரு உறவுக்காரனைப் பார்க்கச் சொல்கிறது. கதாநாயகன் பெயர் செங் சாவோ-ஆன். சாவோ-ஆன் என்பது சீனத்தின் குவாங்டாங் மாநிலத்தில் ஒரு வட்டாரத்தின் பெயருமாகும். தாய்லாந்தில் குடியேறிய சீனர்களில் பெரும்பகுதியினர் அந்தப் பக்கத்துப் பேச்சான தியோச்சூவைப் பேசியவர்கள். ஒருவனுக்குத் 'தஞ்சாவூரான்' என்று பெயர் வைத்து மும்பைக்கு அனுப்பியதுபோல வைத்துக்கொள்ளுங்களேன்.

கதைச் சுருக்கம் இது. சீனாவிலிருந்து செங்கை அழைத்துக்கொண்டு ஒரு பெரியவர் தாய்லாந்துக்கு வருகிறார். அங்கே ஒரே வீட்டில் அண்ணன் தம்பி முறைப் பையன்கள் பலர், ஒரு தங்கை முறைப் பெண். பையன்கள் எல்லோரும் ஓர் ஐஸ் ஃபாக்டரியில் வேலை செய்கிறார்கள். செங்குக்கும் அங்கேயே வேலை கிடைக்கிறது. ஃபாக்டரியின் உண்மைத் தொழில் ஐஸ் பாளங்களுக்குள் போதைப்பொருளை வைத்துக் கடத்துவது. தற்செயலாக ஒரு பாளம் உடைந்து அதைப் பார்த்துவிட்ட இருவர் காணாமல் போகிறார்கள். விசாரிக்கப் போனவர்களும் திரும்பவில்லை. அங்கிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது.

1971இல் இதைப் பார்த்த ஹாங்காங் மக்களில் ஏராளமானோர் தாங்களே சீனாவிலிருந்து பெயர்ந்து வந்தவர்கள், அல்லது அப்படி வந்தவர்களின் பிள்ளைகள். அதற்கு நான்கே ஆண்டுகளுக்கு முன், 1967 மே மாதத்தில், ஒரு பிளாஸ்டிக் பூ ஃபாக்டரியில் எழுந்த தொழிலாளர் தகராறு அந்த நகரத்தையே உலுக்கிய கலவரமாக வளர்ந்தது. ஃபாக்டரி வாசல், மானேஜர், காணாமற்போன கூட்டாளி, வேலைநிறுத்தம் எல்லாம் அவர்களுக்குக் கதை அல்ல, நேற்றைய செய்தி. "கதைன்னு ஒண்ணுமே இல்லை" என்று அவர்களால் சொல்லியிருக்க முடியாது.

காசில்லாத படம் என்ற குற்றச்சாட்டு

இதை மறுக்க நான் வரவில்லை. செலவு ஏறத்தாழ ஒரு லட்சம் அமெரிக்க டாலர் என்பார்கள். ரேமண்ட் சௌ 1970இல் பழைய பெரிய கம்பெனியை விட்டு வெளியே வந்து தொடங்கிய 'கோல்டன் ஹார்வெஸ்ட்' என்ற சின்னக் கம்பெனி எடுத்தது. இரண்டு படங்களுக்கும் சேர்த்து புரூஸ் லீக்கு 15,000 டாலர் சம்பளம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'தி கிரீன் ஹார்னெட்' தொடரில் வண்டியோட்டும் உதவியாளாக வந்தவருக்கு அங்கே அதற்குமேல் கதவு திறக்கவில்லை. தான் வளர்ந்த ஊருக்குத் திரும்பி வந்து ஒப்புக்கொண்ட படம் இது. தாய்லாந்தின் பாக் சோங் என்ற உள்ளூர்ப் பக்கத்தில் படப்பிடிப்பு. முதலில் இயக்கியவர் பாதியில் விலக, லோ வெய் வந்து முடித்தார்.

சிரிக்க வேண்டிய இடங்கள் இருக்கத்தான் செய்கின்றன. உதைபட்ட ஒருவன் மரச் சுவரை உடைத்துக்கொண்டு போக, சுவரில் கையும் காலுமாக ஆள் வடிவத்திலேயே ஓட்டை விழுகிறது! டாம் அண்ட் ஜெர்ரி பார்த்து வளர்ந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆள் உயரத்துக்கு மேல் எழும்பும் தாவல்கள், ஒவ்வொரு குத்துக்கும் கட்டில் பலகை உடைவதுபோல ஒரு சத்தம். இவற்றையெல்லாம் கலை என்று வாதாட என்னால் ஆகாது.

ஆனால் குரல் ஒட்டவில்லை என்பதை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்தக் காலத்து ஹாங்காங் படங்கள் பெரும்பாலும் ஊமையாகப் படம் பிடிக்கப்பட்டு, பிறகு குரல் சேர்க்கப்பட்டவை. மூலப் படமே மாண்டரின் மொழியில் வந்தது. ஹாங்காங் வீதியில் பேசுவது கான்டனீஸ். புரூஸ் லீ பேசி வளர்ந்ததும் கான்டனீஸ்தான். ஆகவே மாண்டரினில் அவர் வாய்க்கு வேறொருவர் குரல். ஆங்கிலப் பதிப்பிலும் இன்னொருவர் குரல். எந்தப் பதிப்பிலும் அந்த மனிதனின் சொந்தக் குரலில் வசனம் கிடையாது. வெளியே ஒரு பாஷை, வீட்டில் ஒரு பாஷை என்று வாழும் நமக்கு இந்தப் பொருந்தாமை அவ்வளவு வேடிக்கையாகப் படக் கூடாது.

காசின்மையால் ஒரு நன்மையும் விளைந்தது. பெரிய ஸ்டூடியோவில் அரண்மனை செட் போட்டு வாள் வீசும் ராஜா காலத்துப் படங்களுக்கு நடுவில், இந்தப் படம் புழுதித் தெருவுக்கும் ஓலை நிழலுக்கும் போனது. கதாநாயகன் கையில் வாள் இல்லை. ஐஸ் பாளத்தைக் கொக்கி போட்டு இழுக்கிற கூலி வேலை. அந்த வேலையைப் படம் பொறுமையாகக் காட்டுகிறது. பாளம் சறுக்கி வருவதும், வேலை தெரியாமல் செங் தடுமாறுவதும் பணம் கொட்டி வாங்க முடியாத காட்சிகள்.

ஏன் அடிக்கவில்லை?

இனி இரண்டாவது குற்றச்சாட்டு. சண்டை ஏன் தாமதமாகிறது? ஊரில் வம்பில் மாட்டிக்கொண்ட மகனிடம், இனிமேல் சண்டைக்குப் போகக் கூடாது என்று தாய் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதன் அடையாளமாக அவன் கழுத்தில் ஒரு பச்சைக்கல் பதக்கம். வந்த அன்றே, சாலையோரக் குளிர்பானக் கடைக்காரப் பெண்ணிடம் ரவுடிகள் வம்பு செய்கிறார்கள். செங்கின் கை இறுகுகிறது. பெரியவர் தடுக்கிறார். அவன் பதக்கத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அண்ணன் முறையுள்ள இன்னொருவன்தான் அடிக்கப் போகிறான்.

"போற இடத்துல வம்புதும்புக்குப் போகாதே, தலையைக் குனிஞ்சுக்கிட்டு வேலையைப் பாரு." ரயிலேற்றிவிட வந்த எந்தத் தாய் இதைச் சொல்லவில்லை? நம்மில் எத்தனை பேர் கழுத்தில் கண்ணுக்குத் தெரியாமல் அந்தப் பதக்கம் தொங்குகிறது! அது வெறும் கோழைத்தனமும் அல்ல. 1960களின் கடைசியில் மும்பையில் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் குரல் எழுந்தபோதும், 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூர் பற்றி எரிந்தபோதும், வாயை மூடிக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்த குடும்பங்கள் பிழைத்தன. பக்கத்து வீட்டு வேற்றுமொழிக்காரர்களே அவர்களைக் காத்த கதைகளும் நிறைய உண்டு. அடங்கியிருப்பது சில சமயம் அறிவுதான்.

வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறளிலேயே இதை நுட்பமாகப் பிரிக்கிறார். கோபம் பலிக்கும் இடத்தில் அதை அடக்குபவனே உண்மையில் கோபத்தை அடக்குபவன். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்பது கருத்து. செங் ஒரே அடியில் நான்கு பேரைச் சாய்க்கக் கூடியவன். ஆகவே அவன் அடக்கம் வள்ளுவர் சொல்லும் அடக்கம். முக்கால் மணி நேரம் நாம் பார்ப்பது சண்டை இல்லாத வெற்று நேரம் அல்ல. அடிக்கத் தெரிந்தவன் அடிக்காமல் இருக்கப் படும் பாடு. எம்.ஜி.ஆர். படத்துச் சிலம்பச் சண்டையில் பழகிய நமக்கு, முதல் ரீலிலேயே கம்பு சுழல வேண்டும். இங்கே சுழலவில்லை என்றால் அது குறை அல்ல. அதுதான் கதை.

தொல்காப்பியர் சொன்ன நான்கு

வெகுளி எதிலிருந்து பிறக்கிறது? தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நான்கு காரணங்கள் சொல்கிறது. உறுப்பறை, அதாவது அங்கங்களை அறுத்தல். குடிகோள், அதாவது குடிக்கும் சுற்றத்துக்கும் கேடு செய்தல். அலை, அதாவது வைதும் அடித்தும் வருத்துதல். கடைசியாகக் கொலை. இந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. நான்கும் இருக்கின்றன.

ஃபாக்டரி வாசலில் தொழிலாளிகளை அடியாட்கள் அடித்து நொறுக்குகிறார்கள். இது அலை. அந்தக் கைகலப்பில் பதக்கம் அறுந்து விழுகிறது. செங் முதன்முதலாக அடிக்கிறான். பிறகு, காணாமற்போனவர்களின் துண்டான உடல்களை ஐஸ் பாளங்களுக்குள் காண்கிறான். இது உறுப்பறையும் கொலையும். வீட்டுக்கு ஓடி வந்தால் அங்கே உறவுக்காரர்கள் அத்தனை பேரும் பிணமாகக் கிடக்கிறார்கள், தங்கையைக் காணோம். இது குடிகோள். லோ வெய் தொல்காப்பியம் படித்திருக்க மாட்டார். மனிதக் கோபத்தின் வேர் எங்கும் ஒன்றுதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? "சும்மா பழி வாங்குறான்" என்று சொல்பவர்கள், இந்தக் கோபம் படிப்படியாக, காரணத்தோடு கட்டப்பட்டதைக் கவனிக்கவில்லை.

எல்லோரும் ஓட்டிவிடும் பகுதி

இப்போது நான்காவது குற்றச்சாட்டு. என் கட்டுரையின் மையமும் இதுதான். வீடியோவில் பார்த்தவர்கள் பலர், முதல் சண்டைக்கும் கடைசிச் சண்டைகளுக்கும் நடுவில் உள்ள பகுதியை வேகமாக ஓட்டிவிடுவதாகச் சொன்னார்கள். அங்கே என்ன நடக்கிறது?

காணாமற்போன ஆட்களைக் கேட்டுத் தொழிலாளிகள் வேலையை நிறுத்தியிருக்கிறார்கள். செங் அடியாட்களை விரட்டிவிட்டான். அடுத்து மானேஜர் என்ன செய்கிறான்? இன்னும் பெரிய அடியாளைக் கூப்பிடவில்லை. செங்கை ஃபோர்மேன் ஆக்குகிறான். அவ்வளவுதான். வேலைநிறுத்தம் முடிந்தது! பையன்கள் மகிழ்ச்சியோடு கொண்டாடுகிறார்கள், 'நம்ம அண்ணன் மேலே போயிட்டான்' என்று. பிறகு விருந்து, குடி, பெண்கள். காணாமற்போனவர்களைப் பற்றிக் கேட்கப் போனவன் போதையில் கவிழ்ந்து கிடக்கிறான். மறுநாள் விலைமகள் வீட்டிலிருந்து வெளியே வரும்போது தங்கை முறைப் பெண்ணே பார்த்துவிடுகிறாள். கூடப் பிறந்தவர்கள்போல் இருந்தவர்கள் அவனைச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்குகிறார்கள்.

"ஹீரோ இப்படியா ஏமாறுவான்?" என்று கேட்டார்கள் அல்லவா? இப்படித்தான் ஏமாறுவான். கத்தியால் வெல்ல முடியாதவனை நாற்காலியால் வென்றுவிடலாம் என்பது முதலாளிக்குத் தெரிந்திருக்கிறது. தாய்க்குக் கொடுத்த சத்தியத்தால் அடங்கியிருந்தபோது அவன் மனம் வெந்தது. பதவி வாங்கிக்கொண்டு அடங்கியபோது மனம் குளிர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அமைதிதான். உள்ளே இரண்டும் வேறு. முதலாவது அடக்கம். இரண்டாவது, கூலி வாங்கிக்கொண்ட மௌனம். அந்த மௌனத்துக்கு விலை ஒரு வீடு நிறையப் பிணம்.

இன்னொன்றும் கவனியுங்கள். செங்கின் முஷ்டி வருவதற்கு முன்பே தொழிலாளிகளிடம் ஒரு பலம் இருந்தது. அது சேர்ந்து நிற்பது. 'நம்மாளு ஒருத்தன் மேலே இருக்கான், அவன் பார்த்துக்குவான்' என்று அவர்கள் கலைந்த அந்த நிமிடத்தில்தான் தோற்றார்கள். கடைசியில் அவன் எத்தனை பேரை வீழ்த்தினாலும் அந்தத் தோல்வி ஈடாகவில்லை. வெளியூரில் சங்கம் வைத்து நடத்தும் நாம் இந்தக் காட்சியை ஓட்டிவிடக் கூடாது. நம்மவர் ஒருவர் ஓர் ஆபீசிலோ ஒரு ஃபாக்டரியிலோ உயர்ந்தால் மாலை போடுகிறோம். நல்லதுதான். அவர் உயர்ந்த பிறகு, கீழே இருக்கும் நம்மவரின் குறையை யார் கேட்பது என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

பிள்ளைகள் பார்க்கலாமா?

தாய்மார்களின் கவலைக்கு மரியாதை கொடுத்தே சொல்கிறேன். சின்னக் குழந்தைகளுக்கான படம் அல்ல இது. கத்தியும் ரத்தமும் உண்டு. விலைமகளிர் வீட்டுக் காட்சிகள் உண்டு. கல்லூரிக்குப் போகும் வயதுப் பிள்ளைகள் பார்க்கலாம். கூட இருந்து பார்ப்பது இன்னும் நல்லது.

ஏனென்றால், படம் முஷ்டியை முழுதாக நம்பவில்லை. செங்குக்கு உண்மையைச் சொல்வது யார்? விலைமகள் வீட்டுப் பெண். சொன்னதற்காக அவள் உயிரையே விடுகிறாள். முதலாளி மாளிகையில் அடைபட்ட தங்கைக்குக் கதவு திறந்துவிடுவதும் அங்கே இருக்கும் இன்னொரு பெண். வெளியே ஓடிப் போய்ப் போலீசை அழைத்து வருவது அந்தத் தங்கை. படத்தில் பெண்கள் அழுவதற்கு மட்டும்தான் வருகிறார்கள் என்றும் சிலர் சொன்னார்கள். அழுகை அதிகம் என்பது உண்மை, அவர்களுக்குச் சரியான வசனம்கூட இல்லை என்பதும் உண்மை. ஆனால் செய்தியையும் சட்டத்தையும் கதைக்குள் கொண்டுவருவது அவர்கள்தான். புரூஸ் லீயின் காலைப் பார்க்கும் அவசரத்தில் அது தெரியாமல் போகிறது.

முடிவையும் பாருங்கள். முதலாளி செத்துக் கிடக்கிறான். செங் வெற்றி ஊர்வலம் போகவில்லை. போலீஸ் துப்பாக்கியோடு நிற்கிறது. அவன் திமிறுகிறான், தங்கை கெஞ்சுகிறாள், கடைசியில் சரணடைகிறான். காப்பாற்ற வந்த வீட்டில் அவனுக்கு மிஞ்சியது ஒரே ஒரு உயிர். அந்த உயிருக்காகக் கையை நீட்டுகிறான். அடிதடிப் படம் என்று நாம் தள்ளிவைத்த படம், அடி எதையெல்லாம் மீட்டுத் தராது என்பதையும் காட்டிவிட்டுத்தான் முடிகிறது.

என் தீர்ப்பு இது. நடிப்பில் பலர் சுமார், தந்திரக் காட்சிகள் சுமாருக்கும் கீழே, சண்டை நன்று. ஆனால் மதிப்பு நடுவில் உள்ள அந்த விருந்துக் காட்சியில் இருக்கிறது. யாரும் உதைக்காத, யாரும் தாவாத காட்சி அது. வீட்டில் பிள்ளைகளோடு பார்க்கும்போது ரிமோட்டைக் கொஞ்ச நேரம் தள்ளி வைத்துவிடுங்கள். "இந்த ஆளு ஃபோர்மேன் வேலையை ஒத்துக்கிட்டது சரியா, தப்பா?" என்று கேளுங்கள். பிள்ளைகள் சொல்லும் பதிலை நாமும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.